நாள் குறித்த நீதி

ஒருவன்மீது ஐயம் எழுந்தால் அவனைப் பிடித்து விசாரிக்கும் ஆற்றல் அரசுக்கு இருந்தே தீரவேண்டும். அவ்வாற்றல் இல்லாத நாட்டில் கள்வர்க்கும் கொலைஞர்க்கும் அச்சம் இராது. ஆனால், பிடிபட்டவன் பிடிபட்ட காரணத்தாலேயே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அவன் குற்றம் செய்தானா என்பதை ஆராய்ந்தறியும் பொறுப்பு அரசினுடையது. அந்த ஆராய்ச்சி எத்தனை நாள் நடைபெறலாம்? அதுவரை அவன் யாருடைய காவலில் இருக்கவேண்டும்? குறித்த நாள் கடந்துவிட்டால் என்ன ஆகும்? இக்கேள்விகளுக்கு விடை எழுதாத சட்டம், எவ்வளவு உயர்ந்த சொற்களால் இயன்றதாயினும், சிறையில் கிடப்பவனுக்குப் பயன்படுவதில்லை.

பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பிப் பாண்டியன் உசாவாமல் ஆணையிட, கோவலன் வெட்டுண்டான் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. அங்கு நேர்ந்த பிழை விரைவு. உலக வரலாற்றில் இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. அது முடிவில்லாத தாமதம். ஆராயாமல் தண்டிப்பதும், ஆராய்கிறோம் என்று கூறிக் காலவரையின்றி அடைத்து வைப்பதும் ஒரே தீமையின் இரு முகங்களாகும். இவற்றுள் இரண்டாவது தீமையைத் தடுக்க மாந்தர் நாள்கணக்கு என்னும் வேலியைக் கட்டிய வரலாறு நீண்டது. அது இங்கிலாந்தில் தொடங்கி, சென்னை மாநிலத்தைக் கடந்து, மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது.

நாள் குறிக்காத வாக்குறுதி

1215ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ரன்னிமீட் என்னும் புல்வெளியில், இங்கிலாந்தின் மன்னர் ஜான் தம் பிரபுக்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாக்னா கார்ட்டா என்னும் பெருஞ்சாசனத்திற்கு ஒப்புதல் அளித்தார். அதன் 39ஆம் பிரிவு, நாட்டுச் சட்டத்தின் வழியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்படுத்தலாகாது என்றது. அடுத்த பிரிவு, நீதியை விலைக்கு விற்பதையும் மறுப்பதையும் தாமதப்படுத்துவதையும் விலக்கியது. தாமதமும் ஓர் அநீதியே என்பதை அக்காலத்தவர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. எனினும், எத்தனை நாள் கழிந்தால் அது தாமதம் என்பதைச் சாசனம் கூறவில்லை. அதைக் கூறாமல் விட்டதன் விலையைப் பின்வந்த தலைமுறைகள் செலுத்த நேர்ந்தது.

காவலில் உள்ளவனை நீதிமன்றத்தின் முன் கொணர்ந்து, அவன் சிறைப்பட்ட காரணத்தையும் கூறுமாறு சிறைக்காவலர்க்கு நீதிபதி இடும் கட்டளையை ஆட்கொணர்வு ஆணை என்பர். ஹேபியஸ் கார்ப்பஸ் என்னும் இலத்தீன் பெயராலும் அது வழங்குகிறது. இந்த ஆணை இங்கிலாந்தில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அதன் வலுவைச் சோதித்தது 1627ஆம் ஆண்டில் எழுந்த ஐந்து வீரப் பெருமக்களின் வழக்கு. முதலாம் சார்லஸ் மன்னர் பாராளுமன்றத்தின் இசைவின்றிச் செல்வர்களிடம் கட்டாயக் கடன் வாங்க முற்பட்டார். கொடுக்க மறுத்தவர்கள் சிறையில் தள்ளப்பட்டனர். அவர்களுள் ஐவர் ஆட்கொணர்வு ஆணை வேண்டினர். அவர்கள் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரவும் பட்டனர். ஆயினும், என்ன காரணத்திற்காகச் சிறை என்ற கேள்விக்கு, மன்னரின் தனிக்கட்டளை என்பதே விடையாக வந்தது. குற்றம் இன்னதென்று கூறப்படவில்லை. நீதிபதிகள் அவர்களை விடுவிக்காமல் மீண்டும் சிறைக்கே அனுப்பினர்.

மறு ஆண்டு, 1628இல், காரணம் காட்டாமல் சிறைப்படுத்தலாகாது என்னும் உரிமை விண்ணப்பத்தைப் பாராளுமன்றம் மன்னரை ஏற்கச் செய்தது. மன்னரும் ஏற்றார். ஆனால், 1629இல் பாராளுமன்ற உறுப்பினர் சிலர் மீண்டும் சிறைப்பட்டனர். அவர்களுடைய வழக்கில் நீதிமன்றம் முடிவு கூறவிருந்த வேளையில், கைதிகள் இலண்டன் கோபுரச் சிறைக்கு மாற்றப்பட்டனர். ஆள் முன்னே நில்லாதபோது ஆட்கொணர்வு ஆணைக்கு என்ன பொருள் இருக்க முடியும்? உரிமை ஏட்டில் இருந்தது. கைதி சிறையில் இருந்தார்.

ஏய்ப்பதற்கு இருந்த வழிகள்

1641இல் நட்சத்திர மண்டபம் என்னும் கொடிய நீதிமன்றத்தைப் பாராளுமன்றம் ஒழித்தது. அதே சட்டம், அரசர் ஆணையால் சிறைப்பட்டவர் கொண்டுவரப்பட்டு மறுமொழியும் வந்தபின், நீதிமன்றம் கூடும் மூன்று நாட்களுக்குள் சிறையின் நியாயத்தை ஆராயவேண்டும் என விதித்தது. இது நற்செயலே. ஆனால், நாள் குறிக்கப்பட்டது நீதிபதிக்கு. கைதியைக் கொண்டுவரவேண்டிய சிறைக்காவலர்க்கு நாள் குறிக்கப்படவில்லை. வேலியின் ஒரு பக்கம் மட்டுமே அடைபட்டது.

திறந்திருந்த பக்கத்தின் வழியாக அதிகாரம் நடமாடியது. முதல் ஆணை வந்தால் சிறைக்காவலர் வாளாவிருப்பார். இரண்டாம் ஆணையும் மூன்றாம் ஆணையும் பிறக்கும்வரை அவர் அசையவேண்டியதில்லை என்பது வழக்கமாகிவிட்டது. அதற்குள் திங்கள்கள் கழியும். நீதிமன்றத்தின் கை எட்டாத தீவுகளுக்குக் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவதும் உண்டு. இரண்டாம் சார்லஸ் மன்னரின் முதன்மை அமைச்சராயிருந்த கிளாரெண்டன் பிரபுமீது 1667இல் பாராளுமன்றம் சுமத்திய குற்றச்சாட்டுகளுள், மக்களைத் தொலைவிலுள்ள தீவுகளில் அடைத்துச் சட்டத்தின் பயனை அவர்கள் பெறாமற் செய்தார் என்பதும் ஒன்றாகும்.

நீதிமன்ற விடுமுறையும் ஒரு சூழ்ச்சியாகப் பயன்பட்டது. பிரான்சிஸ் ஜெங்க்ஸ் என்பவர் இலண்டனைச் சேர்ந்த துணி வணிகர். 1676ஆம் ஆண்டு கோடைக்காலத்தில், நகர மண்டபக் கூட்டத்தில், புதிய பாராளுமன்றத்தைக் கூட்டவேண்டும் என்று பேசினார். அரச ஆலோசனை மன்றம் அவரைச் சிறையில் அடைத்தது. ஆட்கொணர்வு ஆணை கேட்டபோது, விடுமுறைக்காலத்தில் ஆணை பிறப்பிக்க இயலாது என்று தலைமை நீதிபதி மறுத்தார். சான்சலரும் மறுத்தார். ஒரு மேடைப்பேச்சுக்காக அந்த வணிகர் திங்கள் கணக்கில் சிறையில் கிடந்தார். சட்டத்தில் அவருக்கு உரிமை இல்லை என்று எவரும் கூறவில்லை. அதற்கு உரிய நாள் இதுவன்று என்று மட்டுமே கூறினர்.

1679ஆம் ஆண்டுச் சட்டம்

இத்தகைய பட்டறிவுகளின் பயனாகப் பிறந்ததே 1679ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டம். ஷாப்ட்ஸ்பரி பிரபு இதற்காகப் பெரிதும் உழைத்தார். பிரபுக்கள் சபையில் வாக்கெடுப்பு நடந்தபோது, பருத்த உடலினரான ஒரு பிரபுவை, எண்ணிக்கை எடுத்தவர் விளையாட்டாகப் பத்துப் பேராகக் கணக்கிட்டார் என்றும், எதிர்த்தரப்புக்காரர் கவனியாதிருந்ததால் அக்கணக்கே நிலைத்துச் சட்டம் நிறைவேறிற்று என்றும் பிஷப் பர்னட் எழுதிவைத்திருக்கிறார். அது மெய்யோ, புனைவோ, சட்டம் மிகக் குறுகிய வேறுபாட்டில் நிறைவேறியது என்பதில் ஐயமில்லை. 1679 மே 27ஆம் நாள் மன்னரின் இசைவும் கிடைத்தது.

இச்சட்டம் புதிய உரிமை எதனையும் அறிவிக்கவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. மனித மாண்பைப் பற்றிய முழக்கம் எதுவும் அதில் இல்லை. அதில் உள்ளவை மணி, நாள், மைல், பவுன் என்னும் கணக்குகளே. சிறைப்படுத்திய ஆணையின் நகலைக் கைதி கேட்டால், 6 மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டும். நீதிமன்றத்திலிருந்து சிறை 20 மைலுக்குள் இருந்தால், ஆட்கொணர்வு ஆணை கிடைத்த 3 நாட்களுக்குள் கைதியைக் கொண்டுவரவேண்டும். 20 மைலுக்கு மேற்பட்டு 100 மைல் வரை என்றால் 10 நாட்கள். அதற்கும் மேற்பட்டால் 20 நாட்கள். கைதி முன்னே வந்தபின், பிணையில் விடத்தக்க வழக்காயின், நீதிபதி 2 நாட்களுக்குள் அவனைப் பிணையில் விடவேண்டும். விடுமுறைக்காலத்திலும் ஆணை பிறப்பிக்கவேண்டும். ஜெங்க்ஸ் பட்ட துன்பம் வேறொருவர்க்கு நேராவண்ணம் அந்த வாசல் அடைக்கப்பட்டது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, ஜெர்சி, கெர்ன்சி, டாஞ்சியர் முதலிய இடங்களுக்குக் கைதிகளை அனுப்புவதும் தடுக்கப்பட்டது.

இராசத்துரோகம் போன்ற பெருங்குற்றங்களுக்கு இந்த நாட்கணக்கு பொருந்தாது. ஆனால், அக்கைதிகளையும் சட்டம் மறந்துவிடவில்லை. அந்நாளில் நீதிமன்றம் ஆண்டுக்கு நான்கு தவணைகள் கூடியது. கைதி முறைப்படி வேண்டிக்கொண்டபின், அடுத்த தவணைக்குள் அவன்மீது குற்றச்சாட்டுக் கொண்டுவரப்படாவிட்டால், அரசுச் சான்றாளர்கள் வர இயலவில்லை என்று உறுதிமொழியுடன் காட்டினாலன்றி, அவனைப் பிணையில் விடவேண்டும். இரண்டாம் தவணையிலும் விசாரணை நடைபெறாவிட்டால் அவனை முற்றிலும் விடுவிக்கவேண்டும். விசாரணையை நடத்து, இல்லையேல் ஆளை விடு என்று அரசை நோக்கிச் சட்டம் கூறியது.

கணக்கைத் தவறவிட்டால் தண்டனையும் உண்டு. சிறைக்காவலர் முதல்முறை தவறினால் 100 பவுன், மறுமுறை தவறினால் 200 பவுன் செலுத்தவேண்டும், பதவியையும் இழக்கவேண்டும். விடுமுறைக்காலத்தில் ஆணை பிறப்பிக்க மறுத்த நீதிபதி 500 பவுன் செலுத்தவேண்டும். இத்தொகைகள் துன்புற்ற கைதியையே சேரும். பிற்காலத்துச் சட்ட அறிஞர் டைசி, உரிமைகளை அழகாக அடுக்கிக் கூறும் பிரகடனங்களைக் காட்டிலும் இத்தகைய சட்டங்களே நடைமுறையில் பெரும்பயன் விளைப்பவை என்று மதிப்பிட்டார். பெருஞ்சாசனம் உரிமையைச் சொல்லிற்று. அதன்பின் 464 ஆண்டுகள் கழித்து வந்த இச்சட்டம் அவ்வுரிமைக்குக் கடிகாரம் ஒன்றைப் பூட்டிற்று.

சென்னை மாநிலத்தில் கேட்ட ஓலம்

கடிகாரம் இல்லாத காவல் எத்தகையது என்பதைத் தமிழர் தம் உடலாலேயே அறிந்திருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் சென்னை மாநிலத்து உழவர்களிடம் நிலவரி வசூலிக்கச் சித்திரவதை கையாளப்படுகிறது என்ற செய்தி 1854இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் எழுந்தது. அதை ஆராய எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. 1855இல் அக்குழு அளித்த அறிக்கை, குற்றச்சாட்டு உண்மையே என்று உறுதிப்படுத்தியது. கைவிரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டியும், தலையைக் காலோடு பிணைத்துக் குனிய வைக்கும் அண்ணந்தாளும் அறிக்கையில் இடம்பெற்றன. வரி வாங்குவதற்கு மட்டுமன்றி, குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்கும் இவை பயன்பட்டன.

இக்கொடுமைக்கு அடிப்படை என்ன? வரி தண்டுவோரும் காவல் புரிவோரும் ஒருவராகவே இருந்தனர். தாசில்தாரின் சேவகர் பிடித்துக்கொண்டு போனவனை வெளியார் எவரும் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் வைத்திருந்தனர் என்று கேட்பாரில்லை. முறையிட விரும்பிய உழவன், வேளாண்மையை விட்டுவிட்டு நெடுந்தொலைவு நடந்து மேலதிகாரியைக் காணவேண்டியிருந்தது. அவன் போய்ச் சேர்வதற்குள் காயம் ஆறிவிடும், சான்றும் மறைந்துவிடும். நேரம் என்பது குற்றம் செய்த அதிகாரியின் பக்கம் நின்றது.

இவ்வறிக்கைக்குப்பின் 1859இல் சென்னை மாநிலத்திற்குத் தனிக் காவல்துறைச் சட்டம் வந்தது. 1861இல் இந்தியாவின் முதற் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. பிடிபட்டவனை, மாஜிஸ்திரேட்டின் தனி ஆணையின்றி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குமேல் காவலர் வைத்திருக்கலாகாது என்று அது விதித்தது. காவலரிடம் கூறிய ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்றும் விதித்தது. இவ்விரு விதிகளும் இணைபிரியாதவை. நெடுநேரம் அடைத்துவைத்தால் வாக்குமூலம் பிறக்கும் என்ற ஆசையை ஒன்று நேரத்தால் அறுத்தது. மற்றொன்று பயனால் அறுத்தது. ஒருநாள் முடிவதற்குள் மாஜிஸ்திரேட் என்னும் மூன்றாம் மனிதர் கைதியை நேரில் பார்க்கவேண்டும். அவர் கண்ணுக்குக் காயம் தெரியும். அவர் காதுக்குக் கைதியின் சொல் கேட்கும்.

மலாயாவும் சிங்கப்பூரும்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்ற நாடுகள் 1867வரை இந்திய அரசின் ஆட்சியில் இருந்தன. பின்னர், இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட குற்றவியல் நடைமுறைச் சட்டங்கள் இங்கும் மலாய் மாநிலங்களிலும் இடம்பெற்றன. அவற்றோடு 24 மணி நேர விதியும் கடல் கடந்து வந்தது.

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றபோது அவ்விதி அரசியலமைப்பின் 5ஆம் பிரிவில் ஏறியது. சிங்கப்பூர் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவிலும் இத்தகைய விதி உண்டு. அங்குக் குறிக்கப்பட்டுள்ள எல்லை 48 மணி நேரம். சாதாரணச் சட்டமாயிருந்த ஒன்று நாட்டின் தலையாய சட்டத்தில் இடம்பெற்றமை, அதன் இன்றியமையாமையைக் காட்டுகிறது.

மலேசியாவில் 24 மணி நேரத்திற்குள் விசாரணை முடியாவிட்டால், காவலர் கைதியை மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தி மேலும் நாட்கள் கேட்கவேண்டும். அப்போது புலனாய்வு நாட்குறிப்பின் நகலையும் கொடுக்கவேண்டும். இதுவரை என்ன செய்தீர், இன்னும் என்ன செய்யவேண்டும் என்னும் இரு கேள்விகளுக்கும் அந்நாட்குறிப்பு விடை கூறவேண்டும். மாஜிஸ்திரேட்டும் தம் காரணங்களை எழுதவேண்டும். முன்பு இவ்வாறு மொத்தம் 15 நாட்கள்வரை காவலை நீட்டிக்கலாம். 2007இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை வகைப்படுத்திக் குறைத்தது. 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயின் முதலில் 4 நாட்கள், பின்னர் 3 நாட்கள்; மரண தண்டனைக்கோ 14 ஆண்டுகளும் அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்கோ உரியதாயின் முதலில் 7, பின்னர் 7 நாட்கள் என்பது அத்திருத்தம். ஒருமுறை கேட்டுப் பதினைந்து நாளும் வாளாவிருக்க முடியாது. இடையில் மீண்டும் வந்து கணக்குக் காட்டவேண்டும்.

நாள்கணக்கிலிருந்து விலக்குப் பெற அதிகாரம் முயன்றதையும் இந்நாட்டு வரலாறு காட்டுகிறது. 1933ஆம் ஆண்டின் குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பிடிபட்டவர்க்கும் 5ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு என்று, ஜொகூர் மாநில வழக்கொன்றில் 1969இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976இல் பாராளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தி, அச்சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டவர்க்கு 24 மணி நேர விதி பொருந்தாது என்றது. அத்திருத்தம் விடுதலை நாளிலிருந்தே நடப்பில் இருந்ததாகக் கொள்ளப்படும் என்றும் விதித்தது. முன்னோக்கி ஓடும் கடிகாரத்தைச் சட்டம் பத்தொன்பது ஆண்டுகள் பின்னோக்கித் திருப்பியது. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 60 நாட்கள்வரை காவலில் வைக்கவும், பின்னர் அமைச்சரின் ஆணையால் ஈராண்டு தடுத்து வைக்கவும், அந்த ஈராண்டை மேலும் மேலும் புதுப்பிக்கவும் இடமளித்தது. குடியிருப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2011இல் நீக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் 2012இல் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த சட்டத்திலும் 28 நாட்கள்வரை காவல் உண்டு. சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கப்படவில்லை. நாட்டின் பாதுகாப்பு எங்கே முடிகிறது, தனிமனிதனின் பாதுகாப்பு எங்கே தொடங்குகிறது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை.

எதிர்வாதமும் விடையும்

நாட்கணக்கால் உண்மைக் குற்றவாளி தப்பிவிட மாட்டானா என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியைப் புறக்கணித்தல் ஆகாது. சான்றுகளைத் திரட்டக் காலம் வேண்டும். பொருந்தாத கால எல்லை பொய்யையே வளர்க்கும் என்பதற்கு இந்தியாவே சான்று. 1898ஆம் ஆண்டுச் சட்டப்படி விசாரணைக் காவலுக்கு இருந்த உச்ச அளவு 15 நாட்கள். பெரிய வழக்குகளுக்கு அது போதவில்லை. எனவே, விசாரணை முடியுமுன்னரே அரைகுறைக் குற்றப்பத்திரிகை ஒன்றை நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டு, வேறொரு விதியின்கீழ்க் கைதியைத் தொடர்ந்து சிறையில் வைக்கும் வழக்கம் பரவிற்று.

இதற்கு இந்தியா கண்ட மருந்து, எல்லையை எடுத்துவிடுவதன்று. பொருத்தமான எல்லையை வைத்து அதற்கு விளைவையும் சேர்ப்பதே ஆகும். 1973ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு 1978இல் வந்த திருத்தமும் கடுமையான குற்றங்களுக்கு 90 நாட்கள், ஏனையவற்றிற்கு 60 நாட்கள் என வகுத்தன. அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், பிணை கொடுக்க முன்வரும் கைதிக்கு வெளியே செல்லும் உரிமை தானே பிறக்கும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இவ்வெல்லைகள் தொடர்கின்றன. இங்கே ஒன்றை மறத்தலாகாது. பிணையில் செல்பவன் குற்றமற்றவன் என்று விடப்படுவதில்லை. வழக்கு தொடர்ந்து நடைபெறும். சான்று கிடைத்தால் தண்டனையும் கிடைக்கும். நாட்கணக்கு குற்றவாளியைக் காப்பதில்லை. சோம்பிய விசாரணையையே கண்டிக்கிறது.

நெறிமுறை தவறாத விசாரணை அரசுக்கும் நன்மை தருவது. குறித்த காலத்தில், குறித்த முறையில் திரட்டிய சான்று நீதிமன்றத்தில் நிலைத்து நிற்கும். அடித்துப் பெற்ற வாக்குமூலம் உண்மைக் குற்றவாளியைத் தேடும் முயற்சியையே நிறுத்திவிடும். ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றதும் கோப்பு மூடப்படும். மெய்யாகக் குற்றம் செய்தவன் வெளியே நடமாடுவான்.

எனவே, கால எல்லை ஒன்று பயன்தர மூன்று கூறுகள் வேண்டும் என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது. எல்லை நடைமுறைக்கு ஒத்ததாக இருத்தல் வேண்டும். அதைக் கடந்தால் நேரும் விளைவு சட்டத்திலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். விசாரிப்பவர் அல்லாத வேறொருவர் அதைக் கண்காணித்தல் வேண்டும். பெருஞ்சாசனத்தில் இம்மூன்றும் இல்லை. 1679ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றும் இருந்தன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனைய இரண்டும் வலுவிழந்துவிடும்.

நீதியைப் பற்றிப் பேசும்போது தராசை நினைப்பது வழக்கம். தராசு எடையைக் காட்டும், காலத்தைக் காட்டாது. சிறைக்கதவின் பின்னால் இருப்பவனுக்கு ஒவ்வொரு மணி நேரமும் ஓர் எடைதான். ஆறு மணி நேரம், மூன்று நாள், இருபது மைல் என்று சட்டம் எழுதியவர்கள் பெரிய தத்துவம் எதையும் உரைக்கவில்லை. கேட்பாரற்றுக் கிடப்பவனை எந்த நாளில் எவர் வந்து பார்க்கவேண்டும் என்பதை மட்டும் எழுதி வைத்தனர். பெருஞ்சாசனம் காக்கத் தவறிய கைதியைக் காத்தது அந்தக் கணக்கே.